தும்புத்தடி வண்டிக்கு முன்னால்

நான் வாழ்க்கையில் எத்தனையோ பகிடிகள் விட்டிருக்கிறேன். அதிக தூரம் போனது ஒன்றுதான். அது இருபத்தொரு கிலோமீற்றர் போனது, நான் அதன் பின்னால் ஓடவேண்டியதாயிற்று.

ஒஸ்லோவில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்திருந்தன. கைத்தொலைபேசிகளில் இன்னும் பொத்தான்கள் இருந்தன. ஒரு நாள் காலை, எங்கள் டிப்போவின் உணவறையில் நெட்டையான ஒரு நோர்வேஜியப் பெண் சாரதி எழுந்து நின்று, செப்டெம்பரில் பிரான்சுக்குப் போய் அரை மரதன் ஓடப்போகிறோம், யார் வருகிறீர்கள் என்று கேட்டாள். லுவார் ஆற்றுப் பக்கமாம். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே பாதையாம். தண்ணீர் வைக்கும் மேசைகளில் வைனும் வைப்பார்களாம். நான் பாணில் சீஸைப் பரப்பிக்கொண்டே, "வைன் தருவார்கள் என்றால் நான் ஓடமாட்டேன், பறப்பேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னையும் சேர்த்துவிட்டாள்.

நோர்வேஜியர்களோடு இருக்கும் சிக்கல் இது. எங்கள் ஆட்களில் ஒருவர் "கட்டாயம் வாறன்" என்றால் வரலாம், வராமலும் விடலாம். "பாப்பம்" என்றால் வரவே மாட்டார். சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும், ஒருவருக்கும் மனவருத்தம் இல்லை. இவர்களிடம் வாயிலிருந்து வந்தது வந்ததுதான். அடுத்த வாரம் அவள் என் டீ-சேர்ட்டின் அளவைக் கேட்டாள். எக்ஸ்எல் என்றேன். பின்னால் வரும் லொறியைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல என் வயிற்றை ஒரு தரம் பார்த்துவிட்டு, தானாகவே இன்னொரு எக்ஸைச் சேர்த்துக்கொண்டாள்.

வீட்டில் சொன்னபோது மனைவி கறிச்சட்டியிலிருந்து திரும்பவில்லை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். நடக்க முடியாதவர்களை நாள் முழுவதும் நடத்திவிட்டு வருகிறவள்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஏழரைச் சனி தொடங்கினது எனக்குத் தெரியும். அது இந்த ரூபத்திலை வருமெண்டுதான் நினைக்கேல்லை" என்றாள்.

பனி உருகியதும் பயிற்சியைத் தொடங்கினேன். நாங்கள் இருந்தது எல்லிங்ஸ்ருட்டில். வீட்டுக்குப் பின்னால் காடு, அதற்குள் அருமையான பாதை. ஆனால் அங்கே ஓடினால் கைத்தடிகள் ஊன்றி நடக்கும் எண்பது வயதுப் பெண்கள் என்னை முந்திப் போனார்கள். போகும்போது "நல்லாச் செய்கிறாய்" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். அது தாங்காமல் தெருவில் ஓடத் தொடங்கினேன். தெருவிலோ எங்கள் ஆட்களின் கார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு தமிழன் தெருவில் ஓடினால் அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்கமுடியும். ஒன்று, யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது. மற்றது, பஸ் போய்விட்டது. முதல் கார் என் பக்கத்தில் வந்து நின்றதும் கண்ணாடி இறங்கியது.

"என்ன அண்ணை, பஸ்ஸை விட்டிட்டியளோ? நீங்களே பஸ் ஓட்டுற ஆள்."

"இல்லைத் தம்பி, சும்மா ஓடுறன்."

"ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"இல்லை, நான் ஓடுறன்."

"அது தெரியுது. அதுதான் ஏறச் சொல்லுறன்."

ஏறாமல் விடுவது எப்படி? எங்கள் ஆட்களில் ஒருவரைத் தெருவில் நடக்க விட்டுவிட்டுக் காரில் போனவர் என்ற பெயர் ஒருவருக்கு வந்தால், அது அவருடைய பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் கூட வரும். கூப்பிட்டும் ஏறாதவன் என்ற பெயர் அதைவிட மோசம். பெருமை பிடித்தவன் என்பார்கள். ஆகவே ஏறினேன். அடுத்த நாள் இன்னொருவர். ஒரு மாலை என்னை ஏற்றியவர் ஸ்ட்ரோம்மனுக்குச் சாமான் வாங்கப் போகிறவராக இருந்தார். அன்று என் பயிற்சி ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியின் நகரும் படிகளில் முடிந்தது. சலவைத்தூள் மலிவாகப் போட்டிருந்தார்கள். ஓட்டக் காற்சட்டையோடு, கையில் சலவைத்தூள் பெட்டியோடு, எங்கள் கட்டடத்தின் வாசலில் காரிலிருந்து இறங்கியபோது மேலே பல்கனியில் என் மகள் நின்றாள்.

அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. இரவுச் சாப்பாட்டில், புட்டைக் குழைத்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா, அந்த ஓட்டத்திலை எல்லாருக்கும் பின்னாலை ஒரு வான் வருமாம். ஓட ஏலாத ஆக்களை ஏத்திக்கொண்டு போகுமாம். பிரெஞ்ச் ரீச்சர் சொன்னவ. பின்னுக்கு ஒரு தும்புத்தடியும் கட்டியிருப்பினமாம், கூட்டி அள்ளிக்கொண்டு போறதெண்டு காட்ட."

"அப்பிடியோ" என்றேன்.

"நீங்கள் அதிலைதான் வருவியள்."

பகிடி பண்ணவில்லை. நாளைக்கு மழை பெய்யும் என்று சொல்வதுபோலச் சொன்னாள். மனைவி அவளை முறைத்ததும், "ஏன் அம்மா, அதிலை என்ன? அப்பா எல்லாத்தையும் தொடங்குவார்" என்று எனக்காகப் பரிந்து பேசினாள்.

பல்கனிச் சுவரில் பாதி மஞ்சளாகவும் பாதி பழைய சாம்பலாகவும் இருந்த இடத்தை நான் பார்த்தேன். பாதியில் விட்ட நோர்வேஜிய மொழி வகுப்பு நினைவுக்கு வந்தது. பாதியில் விட்ட நீச்சலும் வந்தது. அதில் பாதி என்பதே கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இப்படியான இடங்களில் என் வாயில் ஒரு பகிடி எப்போதும் தயாராக நிற்கும். அன்றைக்குத் தேடினேன், அகப்படவில்லை. புட்டைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்ச் சப்பாத்தை வாசலில் எடுத்து வைத்தேன்.

அதன்பிறகு நான் ஒரு காரிலும் ஏறவில்லை. சொல்ல இலகு. ஒருவர் கோபித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போனார். இன்னொருவர் கோயிலில் மனைவியிடம், "அண்ணைக்கு வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று மெல்ல விசாரித்தார். மூன்றாமவர் விடவில்லை, என் வேகத்துக்குக் காரை உருட்டிக்கொண்டு, ஜன்னலால் தன் மகனின் கலியாண மண்டபத்தைப் பற்றி ஒரு முழுக் கதை சொன்னார். பின்னால் வந்த கார்கள் ஹோர்ன் அடித்தன. அவருக்கு ஓம், ஓம் என்று பதில் சொல்லிச் சொல்லித்தான் மூச்சு இரைக்காமல் ஓட நான் பழகினேன். கலியாணத்துக்குப் போனபோது என் சூட் தொளதொளத்தது.

ஓட்டம் செப்டெம்பர் கடைசியில், ஒரு சனிக்கிழமை. அது புரட்டாதிச் சனி என்பதை மனைவி கலண்டரில் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு அந்த வார இறுதியில் வேலை, வரமுடியாது. "ஓடுறது உங்கடை விருப்பம். ஆனா சனிக்கு விரதம். மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் இல்லை. அந்த மேசையளிலை வைச்சிருக்கிறதையும் வாயிலை வைக்கப்படாது." வைன் தருவார்கள் என்றுதானே இதில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அதுதான் சனி" என்றாள்.

மகள் என்னோடு வந்தாள். பாரிஸில் இருக்கும் என் மனைவியின் தம்பியின் பிள்ளைகளைப் பார்க்கவேண்டுமாம். மச்சான் எங்களைப் பாரிஸிலிருந்து தன் வானில் ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, ஒரே ஒரு வருத்தம், வீடியோக் கமரா. எங்கள் சொந்தத்தில் நடந்த எந்தச் சாமத்தியவீட்டையும் பிறந்தநாளையும் அவன் எடுக்காமல் விட்டதில்லை. அவன் கமராவோடு நிற்கும் வீட்டில் மெழுகுதிரியை இரண்டு தரம் ஊதவேண்டும், மாலையை இரண்டு தரம் போடவேண்டும். "வரேல்லை, இன்னொருக்கா" என்பான். நாங்களும் செய்வோம். வீடியோவில் வராதது எங்களுக்கு நடக்காததுதான்.

காலையில் ஊர்ச் சதுக்கத்தில் டிப்போக்காரர்கள் நாரைகள்போல ஒற்றைக் காலில் நின்று தொடையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு காலைத் தூக்கினேன், மச்சானின் தோளைப் பிடிக்கவேண்டி வந்தது. வெடி வெடித்தது. நெட்டைச் சாரதி, "முடிவில் சந்திப்போம்" என்று கையசைத்துவிட்டுப் போனாள். சந்திப்போம் என்றால் சந்திக்கவேண்டும், அவள் நோர்வேஜியப் பெண்.

முதல் பாதி நன்றாகத்தான் போயிற்று. இரண்டு பக்கமும் திராட்சை வரிசைகள். பறிப்பவர்கள் வாளிகளோடு நிமிர்ந்து கைதட்டினார்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவையும் என் பஸ் பாதையின் ஒரு தரிப்பாக நினைத்துக்கொண்டேன். தரிப்புக்கு வந்தேன், கடந்தேன், அடுத்தது. கடைசித் தரிப்பைப் பற்றி யோசிக்கிற சாரதி வேலையில் நிலைக்கமாட்டான். முதல் மேசையில் மீசை வைத்த ஒரு பெரியவர் சிவப்பு வைனை நீட்டினார். நான் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன். தன் வைனை இத்தனை பக்தியோடு மறுத்தவனை அவர் கண்டிருக்கமாட்டார். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு அவரும் கும்பிட்டார். வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. வாசத்துக்கு விரதம் இல்லை.

பதினைந்தாவது கிலோமீற்றரில் ஒரு வளைவு. வளைவைத் தாண்டினால் ஒரு பெரிய மரம். மரத்தின் கீழே மடிக்கிற கதிரைகள், விரித்த பாய், தேத்தண்ணீர்ப் போத்தல், என் சொந்தங்கள். மகள் கதிரையில் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். மச்சானின் மனைவி மூடி போட்ட பாத்திரத்தைத் திறந்தாள்.

"அத்தான், உளுந்து வடை. அக்கா ரெலிபோன் எடுத்துச் சொன்னவ, மச்சம் குடுக்கவேண்டாமெண்டு. ஒண்டாவது சாப்பிடுங்கோ."

நின்றேன். ஒன்றைச் சாப்பிட்டேன். ஓடுகிறவன் உளுந்து வடையைத் தின்னக்கூடாது என்று எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, எழுதவேண்டிய தேவை அவர்களுக்கு இருந்திருக்காது. புறப்பட்டேன்.

"அத்தான், கொஞ்சம் பொறுங்கோ" என்றான் மச்சான். "பொத்தானை அமத்தேல்லை. திரும்பிப் போய் அந்த வளைவிலை இருந்து ஒருக்கா ஓடி வாங்கோ."

இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. என் கலியாணத்தில் வீடியோவுக்காகத் தாலியையே இரண்டாம் தரம் கட்டுவதுபோலக் கையைப் பிடித்துக் காட்டியவன் நான். வளைவுக்குத் திரும்பி ஓடினேன். எதிரே ஓடி வந்த இரண்டு பிரெஞ்சுக்காரர் வழி பிழைத்துவிட்டதோ என்று நின்றுவிட்டார்கள். திரும்பி, மரத்தடிக்கு ஓடி வந்தேன்.

"குறுக்கை இவள் வந்திட்டாள் அத்தான். கடைசியா ஒருக்கா. இந்த முறை சிரிச்சுக்கொண்டு வாங்கோ."

"அப்பா" என்றாள் மகள், புத்தகத்தை மூடி. நான் ஏற்கனவே பாதித் தூரம் போய்விட்டேன். வளைவில் போய்ச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போது முதுகுப் பக்கம் ஒரு இஞ்சின் உறுமியது.

வெள்ளை வான். பின்பக்கத்தில் தும்புத்தடி, நெட்டுக்குத்தாக. ஓட்டியவர் நரைத்த தலையும் காதில் செருகிய சிகரெட்டுமாக இருந்தார். பக்கக் கதவு சறுக்கித் திறந்தது. உள்ளே இரண்டு பேர் போர்வை போர்த்திக்கொண்டு இருந்தார்கள். பக்கத்தில் ஒரு இருக்கை வெறுமையாக இருந்தது. அவர் அந்த இருக்கையைத் தலையால் காட்டினார்.

அவரைப்போல் நானும் ஆயிரம் தரம் செய்திருக்கிறேன். ஓடி வருகிறவருக்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஏறுகிறாயா இல்லையா, எனக்கு நேரம் இருக்கிறது என்று முகத்தில் காட்டிக்கொண்டு. ஒரு கணம், உண்மையாகச் சொன்னால், என் வலது கால் படியை நோக்கித் தானாகவே எழும்பியது. பழக்கம். கூப்பிட்டால் ஏறவேண்டும். பிறகு அந்தக் காலைப் பிடித்து முன்னால் போட்டேன்.

மரத்தடியை இந்த முறை நிற்காமல் கடந்தேன். "இது நல்லா வந்திருக்கு அத்தான்" என்று மச்சான் கத்தினான். அவன் மனைவி ஒரு வடையைக் கையில் திணித்தாள். வடையோடு ஓடினேன்.

அதிலிருந்து முடிவு வரைக்கும் வான் எனக்குப் பின்னால்தான். தொடைகள் ஒன்றோடொன்று உரசி எரிந்தன. வயிற்றில் உளுந்து, பெரிய பயணி ஒருவரைப்போல, நடுவில் நின்று ஆடியது. கால்விரல் நகம் ஒன்று தன்பாட்டில் போகப்போவதாக அறிவித்தது. ஆனால் என் பின்னால் இருப்பவர் சாரதி. அவருடைய மனம் எனக்குத் தெரியும். நேர அட்டவணையோடு ஓடுகிறவர் முந்திப் போகமாட்டார். முந்திப் போனால் தரிப்பில் நின்று நேரத்தைக் கழிப்பார். ஒவ்வொரு மேசையிலும் நின்று கிண்ணங்களையும் கதிரைகளையும் ஏற்றவேண்டும். அவர் நிற்கும்போது நான் ஓடவேண்டும், அவர் ஓடும்போது நான் நிற்கக்கூடாது. இவ்வளவுதான் கணக்கு. மேசைகளில் இஞ்சின் சத்தம் ஓய்ந்ததும் தூரத்தைக் கூட்டினேன். அது மறுபடி நெருங்கியதும் திரும்பிப் பார்க்காமல் வடையை இறுக்கிப் பிடித்தேன்.

"அப்பா."

இதற்குத் திரும்பிப் பார்த்தேன். வானின் முன் இருக்கையில் என் மகள். ஜன்னல் இறக்கியிருந்தது. கையில் மச்சானின் கமரா.

"நீ என்னண்டு இதுக்குள்ளை?"

"ரோட்டைப் பூட்டி வைச்சிருக்கினம், மாமாவின்ரை வான் வெளியிலை வர ஏலாது. முடிவுக்குப் போகவேணுமெண்டு இவரிட்டைப் பிரெஞ்சிலை கேட்டன். ஏறச் சொன்னவர்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதிலை எங்கடை வீட்டு ஆள் ஒராள் வருமெண்டு சொன்னனான். அது நானாப் போச்சு."

சிரிக்க மூச்சு இல்லை. சிரிப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு ஓடினேன்.

கடைசியில் ஒரு ஏற்றம் இருந்தது. ஊர்த் தேவாலயம் உச்சியில் தெரிந்தது, அதற்குக் கீழே முடிவு. ஒஸ்லோவில் அதை ஏற்றம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அன்றைக்கு அது சுவராக நின்றது. பாதியில் என் ஓட்டம் நடையாயிற்று, நடை இன்னும் கொஞ்சம் குறைந்தால் நிற்பதுதான். வானின் மூக்கு என் முழங்கைக்குப் பக்கத்தில் வந்தது. திறந்திருந்த கதவுக்குள் அந்த இருக்கை இன்னும் வெறுமையாகவே இருந்தது.

"ஏறட்டோ பிள்ளை?" என்றேன். பகிடியாகத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கமராவைக் கண்ணிலிருந்து எடுத்தாள். சாரதியிடம் பிரெஞ்சில் என்னவோ கேட்டாள். அவர் தோளைக் குலுக்கி என்னவோ சொன்னார்.

"ஏறாதேங்கோ அப்பா" என்றாள். "இவர் நேரத்துக்கு முன்னாலை போகமாட்டாராம். நீங்கள் நிண்டா மட்டும்தான் முந்துவாராம். நில்லாதேங்கோ."

நான் நிற்கவில்லை. அதை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கு அவமானம். ஆனால் நிற்கவில்லை. ஒரு தரிப்பு, இன்னொரு தரிப்பு, கல் பதித்த தெரு, மூடிய பேக்கரி, பூட்டிய பள்ளிக்கூடம். உச்சியில் திரும்பியபோது முடிவுக்கோட்டில் நின்ற, காற்று நிரப்பிய அலங்கார வளைவின் ஒரு காலிலிருந்து காற்றைத் திறந்துவிட்டிருந்தார்கள். அது மெதுவாக ஒரு பக்கம் சரிந்துகொண்டிருந்தது. நெட்டைச் சாரதியும் மற்றவர்களும் போர்வையோடு அங்கேயே நின்றார்கள். அவள் தன் நீண்ட கைகளால் அந்த வளைவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். நான் அதற்குக் கீழே குனிந்து போனேன்.

யாரோ கழுத்தில் ஒரு பதக்கத்தைப் போட்டார்கள். ஒரு கையில் வைன் போத்தலைத் தந்தார்கள், மற்றக் கையில் வடை இருந்தது. வான் என்னைக் கடந்து போனபோது ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை மட்டும் உயர்த்தினார். தெருவில் எதிர்ப்படும் பஸ் சாரதிகள் ஒருவருக்கொருவர் உயர்த்துவதுபோல. நானும் உயர்த்தினேன், வடையோடு.

இரவு பாரிஸில் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் கூடினோம். மச்சான் பொத்தானைத் தலைகீழாக அமத்தியிருந்தான். நிறுத்தினதாக நினைத்தபோதெல்லாம் எடுத்திருந்தது, எடுத்ததாக நினைத்தபோதெல்லாம் நின்றிருந்தது. மரம் வந்தது, பாய் வந்தது, அவன் மனைவியின் செருப்பு வந்தது. நான் முடிவுக்கு எதிர்த்திசையில் ஓடுவது இரண்டு தரம் மிகத் தெளிவாக வந்தது. பிறகு மகள் எடுத்தது தொடங்கியது. ஆட்டத்தோடு என் முதுகு. வியர்வை நனைத்த, இரண்டு எக்ஸ் போட்ட முதுகு, ஏற்றம் முழுவதும், வேறொன்றும் இல்லை. கமராவுக்குப் பின்னாலிருந்து, ஓடும்போது எனக்குக் கேட்காதபடி, நோர்வேஜியத்தில் அவள் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது: "வா, வா, வா."

"முகம் ஒண்டும் வரேல்லையே அத்தான்" என்று மச்சான் கவலைப்பட்டான். "நாளைக்கு விடிய, கீழை பார்க்கிலை ஒருக்கா..."

"இல்லை" என்றோம் நானும் மகளும்.

ஞாயிறு பின்னேரம் எல்லிங்ஸ்ருட் நிலையத்தில் இறங்கினோம். நான் படிகளைப் பக்கவாட்டில் ஏறினேன், நண்டுபோல. தெருவுக்கு வந்ததும் ஒரு கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. அந்தக் கலியாண மண்டபக் கதைக்காரர்.

"என்ன அண்ணை, நொண்டுறியள்? ஏறுங்கோ, ஏறுங்கோ."

அன்றைக்கு உலகத்தில் எனக்கு அந்தக் கார்க் கதவைவிட அழகாக ஒன்றும் தெரியவில்லை. கை அதன் பிடிக்குப் போயும்விட்டது.

"வேண்டாம் அங்கிள்" என்றாள் மகள். வைன் போத்தல் இருந்த பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். "அப்பா நடந்துதான் வருவார்."

கார் போயிற்று. அது திரும்பி மறையும்வரை ஆசையோடு பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் பின்னால் மேட்டில் ஏறினேன்.